பள்ளித் தக்விமை பி.டி.எஃப். கோப்பாக ஏற்றினால் போதாதா?

26 டிசம்பர் 2025, மாலை (வாசகர் கேள்வி)

மலேசியக் கல்வி அமைச்சு ஒவ்வோர் ஆண்டும் தக்விம் (பள்ளி நாள்காட்டி) வெளியிடுகிறது. அதை அப்படியே பள்ளி அகப்பக்கத்தில் பி.டி.எஃப். ஆக ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஒவ்வொரு தேதியாக உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும் என்று பாடாங் செராய் பக்கம் ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பிடிவாதம் பிடிக்கிறார்களாம். சின்னத் தோட்டப் பள்ளிக்கு இதெல்லாம் தேவையா? டீச்சர்களுக்கு வேறு வேலை இல்லையா?

26 டிசம்பர் 2025, இரவு

அந்தப் பிடிவாதக்காரி நான்தான். போதாது என்பதுதான் என் பதில்.

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் ஊர் நிலவரம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. கெடா, கிளந்தான், திரங்கானு மூன்றும் அமைச்சின் தக்விமில் ‘ஏ’ குழு. பினாங்கு, பேராக், சிலாங்கூர் போன்ற மற்றவை ‘பி’ குழு. அங்கே சனி, ஞாயிறு. பாடாங் செராயில் இருந்து பினாங்கு மாநில எல்லை பக்கம்தான். தோட்டத்தில் வேலை குறைந்தபின் நிறையப் பேர் பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் ஊர்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அதனால் ஒரே வீட்டுக்குள் இரண்டு வாரம் ஓடுகிறது.

என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறு ஓய்வு. ஞாயிறு காலை இருட்டு விலகுவதற்குள் பிள்ளைகள் சீருடையோடு வேனுக்கு நிற்பார்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில், நான் வேலையில். எல்லாரும் சேர்ந்து இருக்கும் நாள் சனி ஒன்றுதான். மாமியார் எந்த நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் எந்த வாரம் லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், வேன்காரருக்கு எந்த மாதம் எவ்வளவு பேசுவது, எல்லாமே பள்ளித் தக்விமை வைத்துத்தான்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றும் தக்விம் படத்தில் ‘ஏ’ குழுவும் ‘பி’ குழுவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும். கைப்பேசியில் விரலால் பெரிதாக்கினால் மேலே இருக்கும் ‘ஏ’, ‘பி’ தலைப்பு திரைக்கு வெளியே போய்விடும். அப்புறம் எந்தக் கட்டத்தைப் படிக்கிறோம் என்று யாருக்குத் தெரியும்? 2026 பள்ளித் தவணை ‘ஏ’ குழுவுக்கு ஜனவரி 11 ஞாயிறு, ‘பி’ குழுவுக்கு ஜனவரி 12 திங்கள். ஒரு நாள்தான் வித்தியாசம். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு நாள்தான் பள்ளியின் முதல் நாள்.

27 டிசம்பர் 2025

காலையில் இன்னொருவர், “அப்படியானால் ‘ஏ’ குழுப் பக்கத்தை மட்டும் வெட்டிப் போடலாமே” என்று எழுதியிருக்கிறார். கண் குழப்பம் அதில் தீரும். ஆனால் பள்ளி நடக்கும் நாளும் நடக்காத நாளும் ஓரிடத்தில் முடிவாவதில்லை.

தவணை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதும், பெருநாளை ஒட்டித் தரும் கூடுதல் விடுப்பும் அமைச்சு சொல்வது. மாநில விடுமுறை வேறு. ஜூலை 7 பினாங்கில் ஜார்ஜ்டவுன் பாரம்பரிய நாள், பொது விடுமுறை. எங்களுக்கு அது சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பள்ளி உண்டு. நோன்பின் முதல் நாள் கெடாவில் விடுமுறை. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், பினாங்கில், வேலை நாள். இதற்கெல்லாம் மேலே பள்ளியே எடுக்கும் சூத்தி பெரிஸ்திவா (சிறப்பு விடுமுறை), அதற்கு ஈடாக வரும் மாற்றுப் பள்ளி நாள், விளையாட்டுப் போட்டி, பெற்றோர் சந்திப்பு, ஆண்டிறுதித் தேர்வு வாரம். இந்தக் கடைசி வகைதான் ஆண்டு நடுவில் மாறிக்கொண்டே இருக்கும். அமைச்சின் கோப்பில் இது ஒரு வரிகூட இருக்காது.

டிசம்பரில் ஏற்றிய கோப்பு மார்ச்சிலேயே பாதி பழசாகிவிடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

27 டிசம்பர் 2025, இரவு

கோப்பை மாற்றி ஏற்றலாமே என்பவர்களுக்கு. அகப்பக்கம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அதே பெயரில் புதுக் கோப்பை ஏற்றிப் பாருங்கள். பழையதை அது அழிக்காது. புதிய கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘-1’ என்று ஒட்டியோ, மாதம் மாறியிருந்தால் வேறு அடைவில் போட்டோ, இரண்டையும் வைத்துக்கொள்ளும். பள்ளியின் பக்கத்தில் லிங்க்கை மாற்றிவிடுவீர்கள், சரி. ஆனால் ஜனவரியில் வகுப்புப் புலனக் குழுவில் போட்ட லிங்க் பழைய கோப்புக்குத்தான் போகும். அதுவும் நன்றாகத் திறக்கும், பிழை எதுவும் காட்டாது. கூகளில் தேடுகிறவருக்கும் பழையதே முதலில் வரலாம்.

ஒரு பள்ளியில் இது நடந்ததை நேரில் பார்த்தேன். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. மாற்றுப் பள்ளி நாள் ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. பழைய கோப்பைப் பார்த்த தாய் ஒருத்தி ஷிப்டுக்குப் போகும் வழியில் மகனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். அவன் ஜாகாவின் (காவலாளியின்) நாற்காலிக்குப் பக்கத்தில், புத்தகப்பையை முதுகிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருந்தான். ஜாகா தன் மைலோவில் பாதியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். பாட்டி வந்து அழைத்துப்போக மதியம் ஆகிவிட்டது. தொழிற்சாலையில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும், தாய்க்கு இடைவேளை வரை எதுவும் தெரியாது.

அன்றிலிருந்துதான் தக்விம் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

30 டிசம்பர் 2025

செய்முறை கேட்டிருந்தார்கள். எங்கள் பள்ளியில் செய்வதை எழுதுகிறேன். நாங்கள் பயன்படுத்துவது வேர்ட்பிரஸ். வேறு மென்பொருளிலும் இதே இடங்களைத் தேடுங்கள்.

தக்விமுக்கு ஒரே பக்கம், ஒரே முகவரி. முகவரியில் ஆண்டு வேண்டாம், ‘தக்விம்’ என்று மட்டும் இருக்கட்டும். ஆண்டு முடிந்ததும் உள்ளே இருப்பதை ‘பழைய தக்விம்’ பக்கத்துக்கு நகர்த்திவிட்டு, அதே இடத்தில் புதியதை எழுதுங்கள். புலனத்தில் போன ஆண்டு போட்ட லிங்க் இந்த ஆண்டும் சரியான இடத்துக்கே வரும்.

ஆண்டைத் தலைப்பிலும் உள்ளேயும் பெரிதாகப் போடுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. கோவிட் காலத்தில் பள்ளியாண்டு தள்ளிப்போய், 2022-இல் மார்ச்சில் தொடங்கியது. அப்புறம் 2023/2024, 2024/2025 இரண்டும் மார்ச், 2025/2026 பிப்ரவரி, இப்போது 2026 மறுபடியும் ஜனவரிக்கு வந்திருக்கிறது. ‘2025/2026’ என்று ஒரு தக்விமும் ‘2026’ என்று இன்னொன்றும் இருக்கும்போது, அவசரத்தில் திறப்பவர் எதைப் பார்ப்பார்?

அடுத்து, செட்டிங்ஸில் ஜெனரல் பக்கம். டைம்சோன் என்ற இடத்தில் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸ் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் நிற்கும். நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 6 மணிக்கு வெளியாகட்டும் என்று நேரம் குறித்த அறிவிப்பு மதியம் 2 மணிக்கு வரும். பிள்ளைகள் வீடு திரும்பியபின் ‘இன்று பள்ளி இல்லை’ என்ற செய்தி யாருக்கு?

அதற்குக் கீழேயே ‘வாரம் தொடங்கும் நாள்’ இருக்கும். வேர்ட்பிரஸ் அதைத் திங்கள் என்று வைத்திருக்கும். எங்களைப் போன்ற ‘ஏ’ குழுப் பள்ளிகள் கட்டாயம் ஞாயிறாக மாற்ற வேண்டும். திங்களில் தொடங்கும் கட்டத்தில் ஞாயிறு கடைசிக்குப் போய்விடும். கடைசிக் கட்டத்தைப் பார்த்தாலே ஓய்வு நாள் என்று கண் பழகியிருக்கிறது. ஞாயிறில் தொடங்கினால் வெள்ளியும் சனியும் கடைசியில் வந்து நிற்கும், எங்கள் வாரத்துக்குப் பொருத்தமாக.

சில காலண்டர் பிளகின்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) சனி, ஞாயிறுக்குத் தானாகவே சாம்பல் நிறம் பூசும். அதையும் தேடிப்பிடித்து வெள்ளி, சனிக்கு மாற்றுங்கள். மாற்ற வழியில்லாத பிளகின் என்றால் அந்த நிறத்தையே எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாம்பல் நிறத்தில் இருக்கும் தக்விமைக் கெடாப் பள்ளி தன் பெயரில் வெளியிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

31 டிசம்பர் 2025

ஜோகூரிலிருந்து ஒருவர், “நாங்களும் ‘ஏ’ குழுதானே, எங்களை விட்டுவிட்டீர்களே” என்று கேட்கிறார். இப்போது இல்லை, அண்ணே. ஜோகூரில் 2014 முதல் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு. இணையத்தில் இன்னும் ஜோகூரை ‘ஏ’ குழுவில் வைத்திருக்கும் பழைய படங்கள் நிறையக் கிடக்கின்றன. குளுவாங்கில் இருக்கும் என் சின்னம்மா மகள் போன ஆண்டு அப்படி ஒரு படத்தை எனக்கே அனுப்பி, சரியா என்று கேட்டாள். படத்தில் வெளியிட்ட தேதி இல்லை, யார் வெளியிட்டது என்றும் இல்லை. அமைச்சின் சுற்றறிக்கையைப் பார்க்கச் சொன்னேன்.

3 ஜனவரி 2026

நிகழ்வுகளை எக்செல்லில் எழுதி, சி.எஸ்.வி. கோப்பாக்கி, கூகள் காலண்டரில் மொத்தமாக ஏற்றலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏற்றலாம், நேரம் மிச்சம்தான். ஆனால் தேதியை எழுதும் முறையைக் கவனியுங்கள். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுவோம். கூகளின் சி.எஸ்.வி. மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது.

2026 தீபாவளி நவம்பர் 8. நம் பழக்கத்தில் 08/11/2026. அதை மாதம் முதலில் என்று படித்தால் ஆகஸ்டு 11 ஆகிவிடும். ஆகஸ்டு 11 செவ்வாய்க்கிழமை, பள்ளி நாள். அந்தத் தேதியில் ‘தீபாவளி விடுமுறை’ என்று விழும். நவம்பர் 8 காலியாக இருக்கும். 12-க்கு மேற்பட்ட நாள் என்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் பிழை தெரிந்துவிடும். 12-க்குள் இருக்கும் நாள்கள்தான் சத்தமில்லாமல் இடம் மாறும். ஏற்றியதும் பெருநாள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தீபாவளியிலிருந்து தொடங்கினால் நல்லது.

இன்னொன்று. ஐகால் (காலண்டர் செயலிகள் படிக்கும் கோப்பு வகை) கோப்பைக் கையால் உருவாக்குகிறவர்கள் முடிவு நாளை ஒரு நாள் தள்ளி எழுத வேண்டும். முழுநாள் நிகழ்வுக்கு அந்த முறையில் முடிவு நாள் கணக்கில் சேராது. சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, 18. முடிவு 18 என்று எழுதினால் காலண்டரில் 17 மட்டும்தான் வரும். 19 என்று எழுதினால்தான் இரண்டு நாளும் தெரியும். கூகள் காலண்டரின் திரையிலேயே நிகழ்வை உருவாக்கினால் இந்தக் கவலை இல்லை, அங்கே 18 என்றால் 18தான்.

5 ஜனவரி 2026

சும்மா ஒரு நினைவு. நாங்கள் படித்த காலத்தில் தக்விம் என்று தாள் எதுவும் வீட்டுக்கு வந்ததில்லை. பள்ளி இருந்தது தோட்டத்துக்கு நடுவில், தக்விம் இருந்தது வாசல் கரும்பலகையில். தலைமையாசிரியர் சாக்கட்டியால் எழுதுவார்: ‘நாளை முதல் விடுமுறை, பள்ளி திறக்கும் நாள் இன்னது’. பிரட்டுக்குப் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப்) போகும் அப்பா அம்மாக்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள். எல்லாரும் ஒரே தோட்டத்தில், ஒரே ஓய்வு நாளில் இருந்தார்கள். அதனால் அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. வேலை செய்யும் இடத்துக்குள்ளேயே பள்ளி என்பது அப்படி வந்த ஏற்பாடு. இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் காலியாகி, பெற்றோர் பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறார்கள். பள்ளி மட்டும் பழைய இடத்தில். பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். பள்ளி வாசலைப் பெற்றோர் தினமும் பார்ப்பதே இல்லை. கரும்பலகை செய்த வேலையை இப்போது அகப்பக்கம் செய்தாக வேண்டும்.

9 ஜனவரி 2026

கேள்வி கேட்ட வாசகர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: “என் அம்மாவுக்கு அகப்பக்கம் பார்க்கத் தெரியாது. பி.டி.எஃப். எடுத்து அச்சடித்துக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். அது வேண்டாம் என்கிறீர்களா?”

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இதைப் படித்தபின் என் மாமியாரைக் கேட்டுப் பார்த்தேன். அவருக்கும் தாள்தான் வேண்டும். எழுத்து பெரிதாக, தமிழில், விடுமுறை நாளுக்குச் சிவப்பு வட்டம். அதனால் கோப்பே வேண்டாம் என்ற என் நினைப்பை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் கோப்பு பக்கத்திலிருந்து பிறக்க வேண்டும். முதலில் பக்கத்தில் தேதி எழுத்தாக ஏற வேண்டும். அதையே அச்சுக்கு எடுத்துக் கோப்பாக்குங்கள். கோப்பின் அடியில் ‘இந்தத் தேதி வரையிலான நிலவரம்’ என்று ஒரு வரியும், பக்கத்தின் முகவரியும் இருக்கட்டும். குளிர்பெட்டித் தாள் பழசா புதுசா என்று பாட்டிக்குச் சொல்ல அந்த ஒரு வரி போதும்.

எழுத்தாக இருப்பதில் இன்னொரு நன்மை. ‘மார்ச்’ என்று தேடினால் கிடைக்கும், கைப்பேசி வாய்விட்டுப் படித்துக்காட்டும், வேன்காரருக்கு ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பலாம். ஸ்கேன் செய்த படத்தில் இது எதுவும் நடக்காது. தமிழில் ஏற்றும்போது ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கணினியில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால், பெற்றோர் கைப்பேசியில் கிறுக்கலாகத்தான் தெரியும். மலாய், தமிழ் இரண்டிலும் போடுங்கள். எங்கள் வேன்காரர் மலாய்க்காரர்.

11 ஜனவரி 2026

இன்று பள்ளி திறந்தது. வாசலில் பலூன் கட்டி, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலை போட்டார்கள். நான் லீவு எடுக்கத் தேவையில்லை, எனக்கு ஞாயிறு. நாளைக்குத்தான் என்று நினைத்து வராமல் போன பிள்ளை யாரும் இல்லை என்று முதலாம் ஆண்டு டீச்சர் சொன்னார். அது போதும் எனக்கு.

18 ஜனவரி 2026

தைப்பூசம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. பினாங்கிலும் பேராக்கிலும் அது எப்படியும் பள்ளி இல்லாத நாள், மாநில விடுமுறையும்கூட. எங்களுக்கு ஞாயிறு வாரத்தின் முதல் பள்ளி நாள். கெடாவில் தைப்பூச விடுமுறையை ‘போன ஆண்டு இருந்தது, இந்த ஆண்டும் இருக்கும்’ என்று எழுதிவிட எனக்கு மனம் வராது. 2021-இல் மாநில அரசு தைப்பூசச் சிறப்பு விடுமுறை இல்லை என்று அறிவித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதனால் அறிவிப்பைக் கண்ணால் பார்த்தபின்தான் வரியை ஏற்றுவேன்.

இங்கே பலர் முதல் நாளே பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். பால்குடம், காவடி என்று வேண்டுதல் இருக்கும். விரதம் தொடங்கியபின் கடைசி நேரத்தில் ‘பள்ளி உண்டா இல்லையா’ என்று வீட்டுக்கு வீடு அலைபேசி அடிக்கும் நிலை வேண்டாம். ஆகவே விடுமுறை உறுதியாகும்வரை காலியாக விடுவதைவிட, ‘தைப்பூசம், பிப்ரவரி 1. பள்ளி பற்றிய அறிவிப்பு இங்கே வரும்’ என்று ஒரு வரி போடலாம் என்று துணைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார். காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் யாரோ மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். வரி இருந்தால் பள்ளிக்குத் தெரிந்திருக்கிறது, பதில் வரும் என்று பெற்றோர் காத்திருப்பார்கள்.

இதிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது யார் சொன்னது என்று எழுதுகிறோம்: அமைச்சு, மாநிலம், பள்ளி. உறுதியாகாதது என்றால் அதையும் எழுதுகிறோம்.

24 ஜனவரி 2026

மாற்றங்களைப் பற்றி. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஒரு தேதியை மாற்றும்போது பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிச் சேமித்தால் பக்கம் சுத்தமாக இருக்கும். ஆனால் போன வாரமே பார்த்துவிட்டுத் தொழிற்சாலையில் லீவு எழுதிக் கொடுத்த அம்மா திரும்பவும் வந்து பார்க்க மாட்டாள். எங்கள் பக்கத்தின் உச்சியில் ‘மாற்றங்கள்’ என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. என்ன மாறியது, எப்போது மாற்றினோம், முன்பு என்ன தேதி இருந்தது. பழைய தேதியைக் கோடு போட்டு அடித்து, புதியதைப் பக்கத்தில் எழுதுகிறோம். அந்த நாள் கடந்தபின்தான் அடித்ததை எடுப்போம். மாற்றம் ஏறிய உடனே வகுப்புப் புலனக் குழுக்களுக்கு அதே வரியும் பக்கத்தின் லிங்க்கும் போகும். படம் போகாது.

ஓர் ஆசிரியர், “அடித்து எழுதினால் பள்ளி அடிக்கடி மாற்றுகிறது என்று பெற்றோர் குறை சொல்வார்களே” என்று கவலைப்பட்டார். சொல்லட்டும். மாறியது உண்மை. மறைத்தால் ஒரு பிள்ளை வாசலில் உட்கார வேண்டியிருக்கும்.

கூகள் காலண்டரில் சேர்த்துக்கொள்ள விரும்பும் பெற்றோருக்கு: கோப்பை இறக்கி ஏற்றாதீர்கள், சந்தா லிங்க்கைப் பயன்படுத்துங்கள். இறக்கி ஏற்றினால் அது அன்றைய நகல், அப்புறம் நாங்கள் செய்யும் திருத்தம் உங்களுக்கு வராது. சந்தாவில் வரும், ஆனால் உடனே வராது, பல மணி நேரம் ஆகலாம். அவசர மாற்றத்துக்குப் புலனச் செய்தியைத்தான் நம்ப வேண்டும்.

25 ஜனவரி 2026

கேஷ் பிளகின் (பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டுவது) வைத்திருப்பவர்கள் மாற்றம் செய்ததும் கேஷை அழித்துவிட்டு, வேறொருவர் கைப்பேசியில் திறந்து பாருங்கள். உள்நுழைந்த நிலையில் உங்களுக்குப் புதியது தெரியும், மற்றவர்களுக்குப் பழையது ஓடிக்கொண்டிருக்கும்.

4 பிப்ரவரி 2026

பாகான் செராய் பக்கமிருந்து ஒரு டீச்சர் தனியாக எழுதியிருந்தார். அனுமதி வாங்கிக்கொண்டு இங்கே பதில் சொல்கிறேன். அவர் பள்ளியில் அகப்பக்கத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். அட்மின் கடவுச்சொல் அவருடைய சொந்த மின்னஞ்சலில் கட்டியிருக்கிறது. பக்கம் 2023-இல் நிற்கிறது, யாராலும் தொட முடியவில்லை.

இது நிறையப் பள்ளிகளில் உள்ள நிலைதான். டீச்சர், முதலில் அந்த ஆசிரியரை அழைத்துக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கிடைத்ததும் அட்மின் கணக்கைப் பள்ளியின் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள், யாருடைய சொந்தப் பெயரிலும் வேண்டாம். தக்விம் எழுதுகிறவருக்கு ‘எடிட்டர்’ அனுமதி போதும். பக்கங்களைத் திருத்தலாம், செட்டிங்ஸைத் தொட முடியாது. எனக்கும் அதுதான் கொடுத்திருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இன்னொருவருக்கும் அதே அனுமதி உண்டு, நான் இரவு ஷிப்டில் இருக்கும்போது அவர் பார்ப்பார்.

வேலைப்பளு பற்றி முதல் நாளே கேட்டார்களே, அதற்கும் இதுதான் பதில். தேதிகளை முடிவு செய்வதும் சரிபார்ப்பதும் பள்ளி. தட்டச்சு செய்வது நாங்கள். துணைத் தலைமையாசிரியர் சுற்றறிக்கையைப் படம் எடுத்து அனுப்புவார். நாங்கள் வரைவாக ஏற்றி அவரிடம் காட்டுவோம், அவர் ‘சரி’ என்றபின் வெளியிடுவோம். டீச்சர்களின் நேரம் வகுப்புக்குப் போகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. பாகான் செராய் பேராக்கில் இருக்கிறது, நீங்கள் ‘பி’ குழு. எங்கள் பக்கத்தின் அமைப்பைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், தேதிகளை எடுக்காதீர்கள்.

14 பிப்ரவரி 2026

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் எப்படி என்று எழுதுகிறேன், இரண்டு மாநில வாழ்க்கை என்றால் என்ன என்று புரியும். செவ்வாயும் புதனும், 17, 18, சீனப் புத்தாண்டு, எனக்கும் பிள்ளைகளுக்கும் விடுமுறை. பெருநாளை ஒட்டி அமைச்சு தரும் கூடுதல் நாள்கள் பிள்ளைகளுக்கு மட்டும். நோன்பு 19-இல் தொடங்கும் என்று நாள்காட்டியில் இருக்கிறது. அது கெடாவில் விடுமுறை, எனக்கு வேலை. மாமியார் ஈப்போவுக்குப் போகும் திட்டத்தை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார். இதைப் போன மாதமே பேசி முடித்துவிட்டோம், பக்கத்தில் வரிவரியாக இருந்ததால்.

நோன்புப் பெருநாள் பற்றிக் கேட்டவருக்கு: நாள்காட்டியில் மார்ச் 21, சனி. ஆனால் பிறை பார்த்து, மலாய் ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் அறிவித்தால்தான் உறுதி. ‘ஏ’ குழுவின் முதல் தவணை விடுமுறை மார்ச் 20 முதல் 28 வரை, ‘பி’ குழுவுக்கு 21 முதல் 29 வரை. பெருநாள் ஒரு நாள் முன்பின் ஆனாலும் பள்ளி திறக்கும் தேதி அதனால் மாறாது. எங்கள் பக்கத்தில் பெருநாள் வரிக்கு ‘உறுதியாகவில்லை’ என்றும், பள்ளி திறக்கும் மார்ச் 29 ஞாயிறு வரிக்கு ‘அமைச்சு’ என்றும் போட்டிருக்கிறது. பினாங்கில் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் 29-ஐப் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள், உங்களுக்கு 30 திங்கள்.